ஒன்பது இருக்கலாம், பத்து ஆகாது

ஜூன் 6, வியாழன்

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு ஒரு கரண்டி, அவரைக்காய்ப் பொரியல். சாப்பிடுவதைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. போன மாதம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அதனால் இனி மற்றதையும் இதிலேயே எழுதலாம் என்று முடிவு செய்துவிட்டேன். உண்மையில் இட்லி ஐந்து.

சுலோச்சனா பூ வகுப்பிலிருந்து திரும்பும்போது தலையில் மூன்று ஜெர்பராவும் ஒரு மஞ்சள் ரோஜாவும் கொஞ்சம் கோழிக்கொண்டையும் இருந்தன. வகுப்பு சரியாகப் போகவில்லை என்று அர்த்தம்.

மருதமலை ரோடு இகெபானா வட்டத்தில் அவள் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. இகெபானா என்பது ஜப்பான்காரர்கள் பூ அலங்கரிக்கும் முறை. ஒரு தட்டில் தண்ணீர், நடுவே ஆணிகள் முளைத்த ஓர் ஈயக்கட்டி, அந்த ஆணிகளில் குத்தி நிறுத்திய மூன்று குச்சி. உயரமானது வானம், நடுத்தரம் மனிதன், குட்டை பூமி. மீதி எல்லாம் காலி இடம். அந்தக் காலி இடம்தான் முக்கியமாம்.

சுலோச்சனாவுக்குக் காலி இடம் ஆகாது. போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும் விரல் சந்தில் சோறு வைக்கிறவள். ஜப்பான் தட்டில் இத்தனை இடம் சும்மா கிடப்பதைப் பார்த்தால் மனசு கேட்காமல் ஒரு பூவைச் செருகிவிடுவாள். தலைவி பிருந்தா வேணுகோபால் ஒவ்வொன்றாக உருவி அவள் கையிலேயே கொடுப்பார். பூவைக் குப்பையில் போடுவதா என்று அவள் தலையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறுவாள். எந்த ஊரில் திருவிழா என்று கண்டக்டரே ஒருமுறை கேட்டிருக்கிறார்.

இன்றைக்குச் சங்கதி வேறு. வட்டத்தில் ஒருவர் மகளோடு பெங்களூருக்குக் குடிபோய்விட்டார். ஒன்பது பேர் எட்டு ஆகிவிட்டது. இகெபானாவில் எதையும் ஒற்றைப்படையாகத்தான் வைக்க வேண்டும். தலைவி இந்த விதியை ஆட்களுக்கும் வைத்திருக்கிறார். புருஷனோடு மூன்று வருஷம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்தவர், அவரை யார் எதிர்த்துப் பேசுவது? மாதக் கடைசிக்குள் ஓர் ஆள் சேர வேண்டும், இல்லாவிட்டால் ஓர் ஆள் போக வேண்டும். போவது யார் என்று யாரும் வாய் திறக்கவில்லையாம்.

"எல்லாரும் என்னையப் பார்த்தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு சுலோச்சனா முகம் கழுவப் போனாள்.

ஜூன் 9, ஞாயிறு

ஆள் பிடிக்கும் வேலை. மாடியில் குடியிருக்கும் தர்ஷினி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், மதியம் சாப்பிடவே நேரமில்லை என்று சொல்லிவிட்டாள். என் தங்கை, மூணு குச்சியை நிறுத்தக் கற்றுக்கொள்ள வகுப்பு எதற்கு, எங்கள் வீட்டுப் பந்தலில் முப்பது குச்சி தானாக நிற்கிறது என்றாளாம். என் தங்கைதான், அவளை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மாலையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது சுலோச்சனா வந்து நின்றாள். "ஏனுங்க, நீங்க சும்மாதானுங்க இருக்கறீங்க?"

போக்குவரத்துக் கழகத்தில் டிப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

ஜூன் 12, புதன்

மூன்றாவது நாளாகக் கோதுமை உப்புமா. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறாள். சர்க்கரைக்கு நல்லதாம்.

பேருக்குச் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உப்புமாவுக்காக இல்லை.

ஜூன் 13, வியாழன்

காலை: தோசை, தேங்காய்ச் சட்னி, கூடவே தக்காளிச் சட்னி.

வகுப்பு தலைவி வீட்டு மாடி ஹாலில். ஏழு பெண்கள், சுலோச்சனா, நான். எல்லோரும் நின்றபடிதான் செய்ய வேண்டும், உட்கார்ந்தால் பார்வை தாழ்ந்துவிடுமாம். பக்கத்து மேஜையில் பல் டாக்டர் கிரேஸ்லின். அவர் பூக்காம்பைக் கூடப் பல் பிடுங்கும் இடுக்கியால்தான் பிடிக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து என் கடைவாய் கூசுகிறது.

எனக்கு ஒரு கொய்யாக் கிளை, கொஞ்சம் இலை, கை நிறைய சாமந்தி கொடுத்தார்கள். வானத்தை நட்டேன். மனிதனை நட்டேன். பூமியை நடும்போது ஆணி விரலில் ஏறியது. அதற்குள் முட்டி விண் விண் என்று தெறிக்க ஆரம்பித்துவிட்டது. ஆனது ஆகட்டும் என்று சாமந்தியைத் தொடாமலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிருந்தா அம்மாள் வந்து நின்றார். தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். எல்லோரையும் கூப்பிட்டு, "பாருங்க, இவருக்கு நிறுத்தத் தெரிஞ்சிருக்கு. நாலு வருஷமா நான் தொண்டை வறளச் சொல்றது இதைத்தான்" என்றார். கிரேஸ்லின் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போட்டோ எடுத்தார்.

முட்டி வலியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பஸ்ஸில் சுலோச்சனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் தலையில் ஏழு பூ.

ஜூன் 20, வியாழன்

முட்டி வலி. மறுபடியும் பாராட்டு.

ஜூன் 27, வியாழன்

காலை நடையில் பூங்காவுக்கு வெளியே ஒரு புங்கன் கிளை காற்றுக்கு முறிந்து கிடந்தது. நன்றாக வளைந்து, நுனி மட்டும் சற்றே மேலே பார்க்கிற கிளை. குப்பை வண்டி வந்துவிடுமோ என்று பக்கத்திலேயே நின்று சின்னராசுவை விட்டுச் சாக்கு எடுத்து வரச் சொன்னேன். சின்னராசு என்னோடு நடக்க வருகிறவர், என் டிப்போவில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வேலையில் இருந்தபோது எனக்கு முன்னால் உட்காரக்கூட மாட்டார். இப்போது அதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகக் கேலி செய்கிறார். ஜப்பானில் கிழவர்கள் எல்லாம் சுள்ளிதான் பொறுக்குவார்களா என்று கேட்டார்.

கிளையை நான் ஆசைப்பட்டு எடுத்து வரவில்லை. பாதையில் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள். இப்போது வாளித் தண்ணீரில் வைத்திருக்கிறேன். தண்ணீரை இரண்டு வேளை மாற்ற வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

இடி இறங்கியது. நிவேதிதா என்று ஒரு பெண், நூற்பாலைக் குடும்பத்து மருமகள், வட்டத்தில் சேர வந்துவிட்டாள். எங்கள் வருடாந்தரக் கண்காட்சிக்குத் தங்கள் கல்யாண மண்டபத்தையே விட்டுத்தருகிறாளாம். தலைவியால் எப்படி மறுக்க முடியும்? ஒன்பது பத்து ஆகிவிட்டது. பத்து ஆகாது.

முடிவு இதுதான். ஜூலை 28 கண்காட்சிக்குச் சென்னையிலிருந்து நடுவர் வருகிறார். அவர் வரிசைப்படுத்துவதில் யார் கடைசியோ அவர் விலகிக்கொள்ள வேண்டும். அவரவர் அலங்காரத்தில் அவரவர் கை மட்டும்தான் படலாம். வேறு கை பட்டால் அந்த அலங்காரம் போட்டியில் கிடையாது, கடைசி இடம்தான்.

தலைவி இதைச் சொல்லும்போது சுலோச்சனாவைத் தவிர மற்ற எல்லோரையும் பார்த்தார்.

ஜூலை 11, வியாழன்

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பூண்டு உரித்துக்கொண்டே சுலோச்சனா சாதாரணமாகச் சொன்னாள், அவள் வகுப்பிலிருந்து நின்றுகொள்கிறாளாம். நான் நன்றாகச் செய்கிறேனாம், பிருந்தா அம்மாளே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். அவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லையாம்.

விஷயமே இல்லையென்றால் நாலு வருஷமாக ஏன் போனாய் என்று கேட்டேன். அடுத்த பல்லை எடுத்து உரித்தாள்.

"அங்க நான் யாருக்கும் பரிமாற வேண்டியதில்லீங்க. காப்பி என் கைக்கு வருதுங்க" என்றாள்.

முப்பத்தைந்து வருஷமாக அவள் கையால் காப்பி வாங்கிக் குடிக்கிறேன். ஒரு தடவையாவது நான் போட்டுக் கொடுத்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபக சக்தி குறைந்துகொண்டே வருகிறது.

ஜூலை 14, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். கண்காட்சியில் நான் கடைசியாக வரப் போகிறேன். நான் போனால் அவள் இருப்பாள். எனக்கு என்ன, பேருக்குத்தானே சேர்ந்தேன்.

மொட்டை மாடியில் ரகசியப் பயிற்சி. கைக்குக் கிடைத்த செம்பருத்தி, அரளி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் பழைய அண்டாவில் திணித்தேன். நாலாவது பூவுக்கு மேல் அலுப்பு வந்துவிடுகிறது. தள்ளி நின்று பார்த்தால் பாழாய்ப்போனது அழகாக இருக்கிறது. மோசமாகச் செய்வதற்கும் உழைப்பு வேண்டும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

முன்னேற்றம். இருபது பூ வரை திணிக்க முடிகிறது. மாடிக்குத் துணி எடுக்க வந்த தர்ஷினி பார்த்துவிட்டு, "அங்கிள், ஏதாவது விசேஷமா?" என்று கேட்டாள். நல்ல அறிகுறி.

ஜூலை 28, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே மண்டபம். காலையில் என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை.

என் மேஜையில் அண்டாவை வைத்தேன். முதலில் அந்தப் புங்கன் கிளை, ஒரு மாதத்தில் இலையெல்லாம் உதிர்ந்து வளைவு மட்டும் மிஞ்சியிருந்தது. அதை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. அப்புறம் சாமந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை, ஜெர்பரா, ஒரு வாழைப்பூ, இரண்டு சோளக்கதிர், காம்போடு வெண்டைக்காய். முட்டி வலித்தது. விடவில்லை. பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதலில் வந்த அம்மாள் அண்டா முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அடுத்து வந்தவர் பொண்ணு மாப்பிள்ளை வந்தாச்சா என்று என்னிடம் விசாரித்தார். கடைசி இடம் நிச்சயம் என்று எனக்குள் ஒரே சந்தோஷம்.

நடுவர் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு மேஜையாக வந்துகொண்டிருந்தார். அப்போதுதான் சுலோச்சனா தன் மேஜையை முடித்துவிட்டு என் பக்கம் வந்தாள். அண்டாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் அண்டாவைப் பார்த்தாள்.

"ஏனுங்க, வேணும்னேதானுங்க பண்ணியிருக்கறீங்க?"

இது ஒரு புது பாணி, எனக்குள் இருந்த கலை இப்போதுதான் வெளியே வருகிறது என்றேன்.

"கலையா? உங்க மூணு குச்சி கலையில்லீங்க, முட்டி வலி. எனக்குத் தெரியாதுங்களா? பொழைச்சுப் போகட்டும்னு யாருகிட்டயும் சொல்லல." அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாமுங்க."

சொல்லிவிட்டு வெண்டைக்காயைப் பிடித்து உருவினாள். கை வைக்கக் கூடாது, விதி இருக்கிறது என்று நான் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். காதில் விழவில்லை. சோளக்கதிர் வந்தது. வாழைப்பூ வந்தது. கோபத்தில் கை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, உருவியதையெல்லாம் என் கையில் திணித்துக்கொண்டே இருந்தாள். ஜெர்பரா எல்லாம் போயிற்று. சம்பங்கி போயிற்று. சாமந்தியை எடுக்கும்போது கோபம் தணிந்துவிட்டது போல இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எடுத்தது. கடைசியில் புங்கன் கிளையும் அதன் அடியில் ஒரே ஒரு கோழிக்கொண்டையும் நின்றன. அதை நோக்கிக் கை போயிற்று. பாதியில் நின்றது. அவள் ஓர் அடி பின்னால் வந்தாள்.

அவ்வளவு பெரிய அண்டாவில் அவ்வளவு இடம் காலியாக இருந்தது. சுலோச்சனா அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு காலி இடத்தைச் சும்மா விட்டு நான் பார்த்ததில்லை.

பின்னால் பிருந்தா அம்மாள் நின்றிருந்தார். கிரேஸ்லினும் இடுக்கியோடு நின்றிருந்தார்.

"யார் எடுத்தது?" என்று தலைவி கேட்டார்.

நானே எடுத்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முதல் இடம் எனக்குத்தான். அது எனக்குத் தெரிந்தது, என்ன செய்வது, ஆசையாகவும் இருந்தது. "சுலோச்சனாங்க. திணிச்சதுதான் நான், மிச்சமெல்லாம் அவ கை" என்றேன்.

தலைவி சுலோச்சனாவின் தோளில் கை வைத்தார். அப்புறம் விதி விதிதான் என்று என் மேஜையில் 'போட்டியில் இல்லை' என்று ஓர் அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். சுலோச்சனா விறுவிறுவென்று தன் மேஜைக்குப் போய்த் தன் தட்டிலிருந்தும் மூன்று பூவை உருவினாள். நடுவர் எல்லோரையும்விட அதிக நேரம் நின்றது அட்டை வைத்த அண்டாவின் முன்னால்தான். சுலோச்சனாவுக்கு ஆறாவது இடம். நிவேதிதாவுக்கு ஒன்பதாவது, எனக்குப் பத்தாவது.

நான் மாலை வரைக்கும் கை நிறையப் பூவும் வாழைப்பூவுமாக வாசலில் நின்றேன். வரவேற்புக்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள்.

ஆக, நினைத்தது நடந்துவிட்டது. அவள் இருக்கிறாள், நான் இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

நீங்கள் இல்லாமல் நான் போக மாட்டேன் என்று சுலோச்சனா சொல்வாள் என்று நினைத்தேன். சொன்னால் எப்படிச் சமாதானம் செய்வது என்று கூட யோசித்து வைத்திருந்தேன். "பருப்பு வெச்சிருக்கேன், மூணு விசில் வந்தா அணைச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் புதுச் சேலையில் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டி.வி.யில் ஒன்றும் இல்லை. சொம்பில் ஒரு கறிவேப்பிலைக் கிளையை நிறுத்திப் பார்த்தேன். யாரும் வந்து பார்க்கவில்லை. விசிலை எண்ண மறந்துவிட்டேன்.

டாக்டர் படிக்காத நோட்டுதானே, எழுதிவிடுகிறேன். எனக்கு அங்கே போக வேண்டும். அந்த ஹாலில், சுலோச்சனாவுக்குப் பக்கத்து மேஜையில், முட்டி வலியோடு நிற்க வேண்டும்.

வகுப்பு முடிந்து வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். வரும்போதே மாடிக்குப் போய் தர்ஷினியிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள். என்னிடம் பேச நேரமில்லை, தீய்ந்த குக்கரைத் தேய்க்கவே நேரம் சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கணக்கு பிடிபட்டுவிட்டது. நான் ஒருவன் சேர்ந்தால் பத்து, ஆகாது. நான் இன்னொருவரோடு சேர்ந்தால் பதினொன்று. தலைவி வாயைத் திறக்க முடியாது.

நடக்கும்போது சின்னராசுவிடம் பேச்சை எடுத்தேன். ஒரு வேலையும் கிடையாது, மூணு குச்சியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம், உட்கார்ந்தால் பாராட்டுவார்கள் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். காப்பி கொடுப்பார்களா என்று கேட்டார். கையிலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள், கூடவே பஜ்ஜி என்றேன். சிரிப்பு நின்றது. வருவதாக ஒப்புக்கொண்டார்.

பஜ்ஜி கிடையாது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 7, புதன்

மதியம் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் தர்ஷினி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுலோச்சனா அவள் தட்டில் இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றினாள். நேற்றும் வந்தாளாம், நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது. அந்தப் பெண் மாடிக்குப் போனதும், நான் சின்னராசு விஷயத்தைப் போட்டு உடைத்தேன். நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் வகுப்புக்கு வருகிறோம், ஒன்பதும் இரண்டும் பதினொன்று, தலைவியிடம் சொல்லிவிடு என்றேன்.

சுலோச்சனாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"அய்யோ. உங்களோட ஜோடி சேர்றதுக்குத்தானுங்க அந்தப் புள்ளையப் புடிச்சேன். அன்னிக்கு வகுப்பு முடிஞ்சு பிருந்தாம்மாகிட்டக் கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டு வெச்சிருக்கேன். அவ சும்மா வருவாளா? வாரம் மூணு நாளு மத்தியானச் சோறு போடறேன்னு சொல்லிப்போட்டேன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். யாருக்கும் பரிமாற வேண்டாம் என்று வாரத்தில் ஒரு நாள் தப்பித்துப் போகிறவள், எனக்கு ஓர் இடம் பிடிக்க இன்னொரு இலை போட ஆரம்பித்திருக்கிறாள். நானோ அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கண் கலங்கிவிட்டது. சாம்பாரில் காரம் என்று சொன்னேன்.

"அப்ப பன்னெண்டு" என்றாள். பன்னிரண்டுதான். தர்ஷினியை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசில்லை, சின்னராசுவிடம் வேண்டாம் என்று சொன்னால் ஆயுள் முழுக்கக் கேலி. கூட்டிக் கழித்துப் பார்த்தோம். எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டு.

ஐந்து மணிக்குச் சின்னராசு போன் செய்தார். குரலே சரியில்லை. இத்தனை பெண்கள் இருக்கிற இடத்துக்கு அவரைத் தனியாக அனுப்ப முடியாது என்று அவர் சம்சாரம் ருக்குமணி சொல்லிவிட்டாராம், தானும் கூடவே வந்து உட்காருவாராம். மன்னிச்சுக்குங்க சார் என்றார். மறுபடியும் சார் ஆகிவிட்டேன்.

சந்தேகப்படுகிற ஒரு மனைவியால் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கட்டாயம் கூட்டிக்கொண்டு வா என்றேன். சுலோச்சனா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பதின்மூன்று பேர். காப்பி எல்லோருக்கும் வருவதற்குள் சின்னராசு இரண்டு தடவை பஜ்ஜியைப் பற்றி விசாரித்துவிட்டார். மேஜை பத்தவில்லை. என்னையும் சுலோச்சனாவையும் ஒரே மேஜையில் போட்டுவிட்டார்கள். காப்பித் தட்டு வந்ததும் எழுந்து போய் அவள் டம்ளரை எடுத்து வந்து நானே அவள் கையில் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள். நம்பி அதோடு நிறுத்திக்கொண்டேன்.